தங்கம் தீர்ந்தது, தண்டவாளம் தொடர்கிறது

பங்காரப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் வரை பத்து மைல். 1894-இல் அந்தப் பத்து மைலுக்கு அகலப்பாதை போட்டபோது அதன் பின்னால் இருந்தது ஒரே கணக்குத்தான். கோலார் தங்கவயலின் கொதிகலன்களுக்கு எரிபொருள் உள்ளே போக வேண்டும். தங்கம் வெளியே வர வேண்டும். இன்று உள்ளே போக எரிபொருளும் இல்லை, வெளியே வரத் தங்கமும் இல்லை. ஆனால் விடியும் முன்பே மாரிக்குப்பத்திலிருந்து ரயில் புறப்பட்டுவிடுகிறது. சாம்பியன், உரிகம், கோரமண்டல், பெமல் நகர் என்று நின்று நின்று ஆள் ஏற்றிக்கொண்டு பெங்களூரை நோக்கி வருகிறது. கட்டட வேலைக்காரர், அடுக்குமாடிக் காவலாளி, தையல் ஆலைப் பெண்கள், மருத்துவமனை நர்ஸ், கணினி நிறுவன ஊழியர், கல்லூரி மாணவர் எல்லோரும் அதில் இருக்கிறார்கள். இரவில் அதே ரயில் அவர்களைத் திரும்பக் கொண்டுபோய் விடுகிறது.

நூற்று முப்பது ஆண்டுகளில் இந்தப் பாதையில் இன்ஜின் மாறியது, எரிபொருள் மாறியது, முதலாளி மாறினார், நாட்டின் கொடியே மாறியது. மாறாமல் நின்றவை இந்தக் குடும்பங்கள்தாம். வட ஆற்காடு, சேலம், தர்மபுரி, சித்தூர்ப் பக்கங்களிலிருந்து பாட்டன் காலத்தில் வந்தவர்களின் பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பேரர்களும் அவர்கள். கரி இன்ஜினின் நினைவும் அவர்களிடம்தான் இருக்கிறது. பெங்களூரில் வாழும் தங்கவயல்காரன் என்ற முறையில், அந்த நினைவை அதன் உரிய வரலாற்றோடு சேர்த்து எழுதிவைக்க விரும்புகிறேன்.

சுரங்கத்தில் பிறந்த நீராவி

நீராவி ரயிலை நாம் பயணத்தோடு சேர்த்தே நினைக்கிறோம். அது பிறந்தது சுரங்கத்தில். 1712-இல் தாமஸ் நியூகோமன் இங்கிலாந்தின் டட்லிக்கு அருகே நிறுவிய நீராவி இயந்திரம், நிலக்கரிச் சுரங்கத்தில் ஊறிய தண்ணீரை இறைத்து வெளியே கொட்டியது. கார்ன்வால் தகரச் சுரங்க நாட்டில் பிறந்த ரிச்சர்ட் டிரெவிதிக், 1804-இல் வேல்ஸ் நாட்டு இரும்பாலை ஒன்றில் நீராவி இன்ஜினைத் தண்டவாளத்தில் ஓட்டிக் காட்டினார். 1812-இல் லீட்ஸ் நகரத்தின் மிடில்டன் ரயில்பாதையில் நீராவி இன்ஜின்கள் நிலக்கரி இழுக்கத் தொடங்கின. ஜார்ஜ் ஸ்டீவன்சன் தன் முதல் இன்ஜினை 1814-இல் கில்லிங்வொர்த் நிலக்கரிச் சுரங்கத்துக்காகத்தான் செய்தார். மக்கள் ஏறிப் போகும் ரயில் இவற்றுக்கெல்லாம் பிறகு வந்தது.

கரியைத் தோண்ட நீராவி வேண்டும். நீராவிக்குக் கரி வேண்டும். இந்தச் சுழற்சியில்தான் இரும்புப்பாதை உலகெங்கும் நீண்டது. கார்ன்வாலில் தகரமும் செம்பும் விலை வீழ்ந்து சுரங்கங்கள் மூடப்பட்டபோது, அந்த ஊர்ச் சுரங்கக்காரர்கள் பிழைப்புத் தேடி உலகத்தின் பல மூலைகளுக்குப் போனார்கள். அவர்களில் ஒரு கூட்டம் கோலாருக்கு வந்தது. டிரெவிதிக்கின் ஊர்க்காரர்களும் வட ஆற்காட்டுக் கிராமத்தாரும் ஒரே குழிக்குள் இறங்கினார்கள். மேற்பார்வை முன்னவர்களுக்கு, பாறையும் தூசியும் பின்னவர்களுக்கு என்பதுதான் அன்றைய ஏற்பாடு.

தங்கவயலுக்குத் தண்டவாளம் வந்த வழி

பெங்களூரில் லாவெல் ரோடு தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். நியூசிலாந்துப் போரில் பணியாற்றிவிட்டுப் பெங்களூர் கண்டோன்மெண்டில் குடியேறிய அயர்லாந்துக்காரர் மைக்கேல் லாவெலின் பெயர் அது. கோலார்ப் பக்கம் தங்கம் தோண்ட மைசூர் அரசிடம் அவர் உரிமை கேட்டது 1873-இல். பெரிய முதலீட்டோடும் தொழில்நுட்பத்தோடும் சுரங்கத்தை நடத்தியது லண்டனின் ஜான் டெய்லர் நிறுவனம். 1880-இல் அது இங்கே கால் வைத்தது. மைசூர், சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க்கம் என்று சுரங்கங்கள் வரிசையாக எழுந்தன.

அப்போது ரயில் வெகு அருகில்தான் இருந்தது. மதராஸ் ரயில்வே 1864-லேயே ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் கண்டோன்மெண்டுக்குப் பாதை போட்டுவிட்டது. பங்காரப்பேட்டை அந்தப் பாதையில் ஒரு நிலையம். மைசூர் கமிஷனராக இருந்த பௌரிங்கின் பெயரால் பௌரிங்பேட்டை என்று அன்று அழைக்கப்பட்டது. அங்கே இறங்கிய கனத்த இயந்திரங்கள் மாட்டுவண்டியில்தான் சுரங்கத்துக்குப் போய்ச் சேர வேண்டும். பாறையை இடித்துப் பொடியாக்கும் ஆலைகளும் கூண்டு இழுக்கும் இயந்திரங்களும் தண்ணீர் இறைக்கும் பம்புகளும் நீராவியில்தான் ஓடின. அவற்றின் பசிக்கு விறகும் கரியும் போட்டு மாளவில்லை. சுற்றுவட்டாரக் காடுகள் விறகாகித் தேய்ந்தன. மாட்டுவண்டியால் தாங்க முடியாத அந்தச் சுமைதான் பத்து மைல் ரயில்பாதையாக மாறியது.

உரிகம், சாம்பியன், கோரமண்டல் என்று இந்தப் பாதையின் நிலையங்களைச் சொன்னால் சுரங்கங்களின் பெயரைச் சொன்னதாகத்தான் ஆகும். சில மைல்களுக்குள் இத்தனை நிலையங்கள் வேண்டியிருந்ததற்கு, அங்கே நெருக்கமாகக் கட்டப்பட்ட தொழிலாளர் லைன்கள்தான் காரணம். மூங்கில் தட்டியால் அடைத்த வீடுகள். ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை. மேட்டின்மேல் தோட்டத்தோடு கூடிய துரைமார் பங்களாக்கள். தமிழர்களோடு தெலுங்கரும் கன்னடரும் இருந்தார்கள். ஆங்கிலோ இந்தியரும் இத்தாலியரும் பஞ்சாபிலிருந்து வந்த காவலர்களும் இருந்தார்கள். ஆனால் குழிக்குள் இறங்கியவர்களில் பெரும்பகுதி தமிழர். அவர்களில் பெரும்பகுதி ஆதிதிராவிடர். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சம் ஊர்களைக் காலிசெய்திருந்தது. ஊரில் நிலமும் இல்லை, மரியாதையும் இல்லை என்ற நிலையில் இருந்தவர்களுக்கு, கூலியைக் காசாகக் கையில் கொடுக்கும் இடம் என்பதே தங்கவயலின் ஈர்ப்பு.

1902 ஜூனில் இன்னொரு திருப்பம் வந்தது. காவிரி விழும் சிவசமுத்திரத்தில் எடுத்த மின்சாரம் ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பிவழி நடந்து தங்கவயலை அடைந்தது. அந்நாளில் உலகின் மிக நீண்ட மின்பாதைகளில் அதுவும் ஒன்று. பெங்களூர்த் தெருவுக்கு மின்விளக்கு வந்தது 1905-இல். அதற்கு மூன்று ஆண்டு முன்பே தங்கவயலில் இயந்திரங்கள் மின்சாரத்தில் ஓடின. ஆலைகளிலிருந்து நீராவி படிப்படியாக விடைபெற்றது. தண்டவாளத்தில் மட்டும் அது இன்னும் பல பத்தாண்டுகள் ஆட்சி செய்தது.

கரி இன்ஜின் காலம்

தங்கவயலில் யாரும் அதை நீராவி இன்ஜின் என்று சொன்னதில்லை. கரி இன்ஜின், கரி வண்டி என்பதுதான் பேச்சு. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் அங்கே வளர்ந்தவர்களுக்குப் பொழுதை அளக்க இரண்டு ஒலிகள் இருந்தன. ஒன்று ஷிஃப்டுக்கு ஊதும் சுரங்கச் சங்கு. மற்றது வண்டியின் கூவல். சங்கு கேட்டு அப்பாக்கள் கிளம்புவார்கள். வண்டிச் சத்தம் கேட்டு அம்மாக்கள் அடுப்பிலிருந்து உலையை இறக்குவார்கள். கடிகாரம் இல்லாத வீடுகளில் பிள்ளைகள் பள்ளிக்கு நேரத்தோடு போனது இந்த இரண்டாலும்தான்.

கரி இன்ஜினை ஓட்டுவது மூன்று பேரின் கூட்டு வேலை. டிரைவர் கையில் ரெகுலேட்டரும் பிரேக்கும். கண் முன்னே சிக்னல். பயர்மேன்கள் இருவரில் ஒருவர் டெண்டரிலிருந்து கரியை உடைத்து முன்னே தள்ள, மற்றவர் வாரி நெருப்புக்குள் போடுவார். வாரிப் போடுவதிலும் கணக்கு உண்டு. ஓரிடத்தில் குவிந்தால் கரி புகையும், நீராவி இறங்கும். தட்டின் மூலை முடுக்கெல்லாம் மெல்லிய படுகையாகப் பரவினால்தான் நெருப்பு வெள்ளையாக எரியும். கொதிகலனின் தண்ணீர் மட்டத்தைக் காட்டும் கண்ணாடிக் குழாயிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. மட்டம் தாழ்ந்து நெருப்புப்பெட்டியின் கூரை காய்ந்தால் கொதிகலன் வெடித்துவிடும். முன்னால் நெருப்பு, பின்னால் கரித்தூள், பக்கவாட்டில் காற்றும் மழையும். அந்த இடத்தில் நின்றுகொண்டே ஒரு நாள் வேலை முடிய வேண்டும்.

எடுத்த எடுப்பில் யாரும் டிரைவராகிவிட முடியாது. ஷெட்டில் கிளீனராகச் சேர்ந்து எண்ணெயும் கழிவுப் பஞ்சுமாக இன்ஜினைத் துடைத்து, பிறகு இரண்டாம் பயர்மேன், முதல் பயர்மேன், ஷன்டர் என்று பல ஆண்டுகள் கடந்துதான் ரெகுலேட்டர் கைக்கு வரும். வெள்ளைக்காரர் காலத்தில் டிரைவர் வேலை பெரும்பாலும் ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் ஒதுக்கப்பட்டது. விடுதலைக்குப் பிறகு அந்த இருக்கையில் நம் ஆட்கள் உட்கார்ந்தபோது, லைன்களில் அது பெரிய செய்தியாக இருந்திருக்கும் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

ஓய்வுபெற்ற பயர்மேன் ஒருவரிடம், அந்த வேலையில் எது கஷ்டம் என்று ஒருமுறை கேட்டேன். "சூடு பழகிடும்பா. கையும் பழகிடும். இன்ஜின் என்னா கேக்குதுன்னு காதால தெரிஞ்சிக்கணும் பாரு, அதுக்குத்தான் வருஷக் கணக்கா ஆவும்" என்றார். புகைப்போக்கியிலிருந்து வரும் அடியின் தாளம் கனத்தால் ஏற்றம். மூச்சு மெலிந்தால் நீராவி குறைகிறது. மானி பார்ப்பதற்கு முன்பே காது சொல்லிவிடும் என்பது அவர் கணக்கு.

கரி வண்டியின் சுகத்தை மட்டும் பேசுவது நியாயமாகாது. சன்னலோரம் உட்கார்ந்தவர் கண்ணில் கரித்தூள் விழும். வெள்ளை வேட்டியோடு ஏறியவர் சாம்பல் வேட்டியோடு இறங்குவார். பாதையோரம் காயப்போட்ட துணியில் புள்ளி புள்ளியாகக் கரி படியும். அந்தப் பாதையோரத்துக்கே கூடையோடு போய், இன்ஜினிலிருந்து தட்டிவிட்ட அரைகுறையாய் எரிந்த கரியைப் பொறுக்கி வருவது எங்கள் லைன் பிள்ளைகளின் வேலை. சூடு ஆறியதா என்று செங்கலால் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் கையில் எடுப்போம். விறகு வாங்க முடியாத மாதக் கடைசியில் பல வீடுகளின் அடுப்பு அந்தக் கரியில்தான் எரிந்தது. சுரங்க இயந்திரங்களுக்காகக் காட்டை இழந்த நிலத்தில், ஏழைகளின் அடுப்புக்கு ரயில் சிந்தியதுதான் மிச்சம்.

ஆனால் அந்த வண்டி கொண்டுவந்தவை கரியோடு முடியவில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, குடியாத்தம் என்று சொந்த ஊர் போகவும் வரவும் அதுவே வழி. பொங்கலுக்கும் மாரியம்மன் திருவிழாவுக்கும் பெட்டி கொள்ளாத கூட்டம் ஏறும். புத்தகமும் பத்திரிகையும் அதில்தான் வந்தன. அயோத்திதாசப் பண்டிதர் தொடங்கிய பௌத்த இயக்கம் 1907 வாக்கிலேயே மாரிக்குப்பத்தில் கிளை விட்டது. சாம்பியன் ரீஃபின் சித்தார்த்தா புத்தகசாலை தமிழில் பௌத்த நூல்களை அச்சிட்டு ஊர் ஊராக அனுப்பியது. பண்டிதரின் மறைவுக்குப் பிறகு, 1920-களில் அவருடைய 'தமிழன்' இதழை மீண்டும் எழுப்பி நடத்தியவர் தங்கவயலின் ஜி. அப்பாதுரையார். பூமிக்குக் கீழே பாறையை உடைத்துவிட்டு வந்தவர்கள் மாலையில் விளக்கடியில் உட்கார்ந்து படித்தார்கள், விவாதித்தார்கள். கைரேகை பதிவதை எதிர்த்து 1930-இல் வேலைநிறுத்தம் செய்தவர்களும், 1946-இல் போலீஸ் துப்பாக்கிக்கு உயிர் கொடுத்தவர்களும் இந்தச் சூழலில் உருவானவர்கள்தாம். கரிக்காகப் போட்ட பாதையில் கருத்தும் ஏறி வந்தது. இதைப் பாதை போட்டவர்கள் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

வெளியே போன தங்கத்துக்கு வேறு மரியாதை. உருக்கி வார்த்த கட்டிகள் காவலோடு ரயிலேறிப் பம்பாய்க்கும், அங்கிருந்து கப்பலில் லண்டனுக்கும் போயின. ஒரே பாதை, ஒரே இன்ஜின். ஒரு பெட்டியில் பூட்டுப்போட்ட தங்கம், இன்னொரு பெட்டியில் நுரையீரலில் பாறைத்தூசி ஏறி இருமிக்கொண்டே ஊர் திரும்பும் மனிதர். தங்கவயல் முதியவர்களின் ரயில் நினைவில் இந்த இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன.

சின்னப் பாதையின் கதை

பங்காரப்பேட்டை அகலப்பாதைக்கு மட்டும் சந்திப்பாக இருக்கவில்லை. 1913-இல் அங்கிருந்து கோலாருக்கு இரண்டரை அடி அகலக் குறுகிய பாதை வந்தது. மறுபக்கம் யஷ்வந்தபுரத்திலிருந்து எலகங்கா, தேவனஹள்ளி வழியாக 1915-இல் சிக்பள்ளாப்பூர் வரை இன்னொரு குறுகிய பாதை வந்தது. சில ஆண்டுகளில் இரண்டும் இணைந்தன. கடலை, காய்கறி, பட்டுக்கூடு, சந்தைக்குப் போகும் ஆடு கோழி எல்லாம் ஏறும் வண்டி அது. ஓடும்போதே இறங்கி நடந்து மறுபடியும் ஏறலாம் என்று அதன் வேகத்தைப் பற்றிப் பெரியவர்கள் சொல்வார்கள்.

தொண்ணூறுகளில் இந்தப் பாதை துண்டு துண்டாக அகலமாக்கப்பட்டது. கோலாருக்கும் சிக்பள்ளாப்பூருக்கும் இடைப்பட்ட பகுதி மட்டும் வெகுநாள் வெறுமையாகக் கிடந்து, 2013-இல்தான் மீண்டும் ரயிலைக் கண்டது. தேவனஹள்ளிக்குப் பக்கத்தில் இன்று பன்னாட்டு விமான நிலையம் இருக்கிறது. அதன் அருகே போகும் ரயில்பாதை கரி இன்ஜின் காய்கறி இழுத்த பழைய தடத்தில் போட்டது என்பதை அங்கே பயணிப்பவர்களில் எத்தனை பேர் அறிவார்கள்?

நெருப்பு அணைந்தபோது

சுரங்கமும் கரி இன்ஜினும் ஏறத்தாழ ஒரே காலத்தில் மூப்படைந்தன. மைசூர் அரசு 1956-இல் சுரங்கங்களை நாட்டுடைமையாக்கியது. 1962-இல் அவை மத்திய அரசின் கைக்கு மாறின. 1972-இல் பாரத் கோல்டு மைன்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனமாயின. அதே 1972-இல்தான் சித்தரஞ்சன் தொழிற்சாலை நீராவி இன்ஜின் செய்வதை அடியோடு நிறுத்தியது. 1950-இல் 'தேசபந்து' என்ற முதல் இன்ஜினோடு தொடங்கிய பணி இருபத்திரண்டே ஆண்டுகளில் முடிந்தது. டீசல் வந்தது, கிருஷ்ணராஜபுரத்தில் எண்பதுகளில் டீசல் ஷெட் எழுந்தது. ஜோலார்பேட்டை – பெங்களூர்ப் பாதையில் தொண்ணூறுகளில் மின்கம்பி வந்தது. இந்திய ரயில்வேயின் அகலப்பாதையில் வழக்கமான கடைசி நீராவி வண்டி 1995 டிசம்பரில் பஞ்சாபில் ஓடி நின்றது.

அதற்கு ஐந்து ஆண்டுகளும் சில மாதங்களும் கழித்து, 2001 பிப்ரவரி 28 அன்று தங்கவயலின் சுரங்கங்கள் மூடப்பட்டன. தொடக்கத்தில் ஒரு டன் பாறைக்கு 40 கிராமுக்கு மேல் கிடைத்த தங்கம், கடைசியில் 3 கிராம் அளவுக்கு இறங்கியிருந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போயிருந்தது. அவ்வளவு ஆழத்தில் பாறையே சூடாக இருக்கும். குளிர்காற்று அனுப்பாமல் மனிதர் நிற்க முடியாது. எடுக்கும் செலவு தங்கத்தின் விலையைத் தாண்டிவிட்டது. 120 ஆண்டுகளில் 800 டன்னுக்கு மேல் தங்கம் கொடுத்த நிலத்தில் எஞ்சியவை சயனைடு மேடுகள். ஆலையில் அரைத்துத் தங்கம் பிரித்தபின் கொட்டிய மூன்று கோடி டன்னுக்கும் அதிகமான மண் அங்கே குன்றுகளாக நிற்கிறது. மார்ச், ஏப்ரல் காற்றில் அந்தத் தூசி இன்றும் வீடுகளுக்குள் வருகிறது.

சங்கு நின்றுபோன அந்த நாளை நினைவுபடுத்திக்கொள்ளாத குடும்பம் தங்கவயலில் இல்லை. கப்பல் மூழ்கினாலும் துறைமுகம் மிஞ்சுமல்லவா, அப்படித்தான் எங்களுக்கு ரயில் நிலையங்கள் மிஞ்சின. பாதையும் சேர்ந்து மூடப்பட்டிருந்தால் தங்கவயல் ஆளற்ற ஊராகியிருக்கும். உலகத்தில் சுரங்கம் மூடிய பல ஊர்களுக்கு அதுவே கதி.

இன்றைய வண்டி

இன்று அந்தப் பாதையில் ஓடுவது பெரும்பாலும் மெமு ரயில். இரண்டு முனையிலும் ஓட்டுநர் அறை இருப்பதால் மாரிக்குப்பத்தில் இன்ஜினைக் கழற்றி மறுமுனையில் மாட்டும் வேலை இல்லை. தண்ணீர் பிடிக்க நிற்பதும் சாம்பல் தட்டுவதும் இல்லை. ஓட்டுநர் வெள்ளைச் சட்டையோடு ஏறி வெள்ளைச் சட்டையோடே இறங்கலாம். தங்கவயல்காரர்களுக்குச் சுவர்ணா என்ற பெயரும் இந்த வண்டிகளோடு ஒட்டிக்கொண்டது. பெங்களூருக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மாலூர் தாண்டினால் ஓட்டுச் சூளைகள் தெரியும். வைட்ஃபீல்டு வந்தால் கண்ணாடிக் கட்டடங்கள் தொடங்கும். 1880-களில் ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் குடியிருப்பாகத் தொடங்கிய அந்த ஊர், இன்று கணினி நிறுவனங்களின் பட்டணம்.

கூட்டம் இறங்கும் இடங்களைப் பார்த்தாலே பெங்களூரின் வளர்ச்சி எந்தத் திசையில் போகிறது என்று புரியும். ஒரு காலத்தில் கண்டோன்மெண்டிலும் சிட்டியிலும்தான் பெட்டி காலியாகும். இப்போது வைட்ஃபீல்டிலும் கிருஷ்ணராஜபுரத்திலுமே பாதிப்பேர் இறங்கிவிடுகிறார்கள். 2023-இல் மெட்ரோவின் ஊதாப் பாதை வைட்ஃபீல்டு வரை முழுமையாகத் திறந்த பிறகு, அங்கிருந்து நகரத்தின் மறுகோடிக்கு மெட்ரோவில் போகிறவர்களும் உண்டு. அந்த மெட்ரோவின் பெட்டிகளில் பல, பெமல் நிறுவனத்தின் பெங்களூர்த் தொழிற்சாலையில் செய்தவை. அதே பெமலின் தங்கவயல் தொழிற்சாலையில் புல்டோசரும் எக்ஸ்கவேட்டரும் செய்கிறார்கள். அவை இந்தியாவின் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போகின்றன. ஒருகாலத்தில் கரி தங்கவயலுக்கு வந்தது. இன்று கரி தோண்டும் இயந்திரம் தங்கவயலிலிருந்து போகிறது.

வண்டிக்குள் இருக்கும் வாழ்க்கை தனி உலகம். மாத சீசன் டிக்கெட்டோடு ஆண்டுக்கணக்கில் ஒரே பெட்டியில் ஒரே மூலையில் உட்காருகிறவர்கள் இருக்கிறார்கள். வேலைக்கு ஆள் வேண்டும் என்ற செய்தி அங்கேதான் பரவுகிறது; பெண் பார்க்கிற பேச்சும் சீட்டுப் பணமும் அங்கேதான் கை மாறுகின்றன. இடம் கிடைக்காத புதுப்பையனிடம், "இப்படி ஒண்டிக்கினு குந்துப்பா" என்று பெரியவர் நகர்ந்து இடம் கொடுப்பதை இன்றும் பார்க்கலாம். அவருடைய அப்பா கூண்டில் இறங்கி மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்குப் போனார். அவர் எண்பது கிலோமீட்டருக்கு மேல் கிடைமட்டமாகப் போகிறார். ஆழம் தூரமாக மாறியிருக்கிறது. உயிருக்கு ஆபத்து குறைந்திருக்கிறது. அது பெரிய மாற்றம், மனமார வரவேற்க வேண்டிய மாற்றம். ஆனால் இருட்டில் வீட்டைவிட்டுப் போய் இருட்டில் திரும்புகிற வாழ்க்கை அப்படியேதான் தொடர்கிறது. பிள்ளைகள் விழித்திருக்கும்போது அப்பாவைப் பார்ப்பது அன்றும் அரிது, இன்றும் அரிது.

மாரிக்குப்பத்தோடு முடிந்த பாதையைத் தெற்கே ஆந்திரத்தின் குப்பம் வரை நீட்டும் புதிய திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்து வேலை மெல்ல நடக்கிறது. அது முடிந்தால், சுரங்கத்துக்காகப் போட்ட முட்டுச்சந்துப் பாதை சென்னைக்கும் பெங்களூருக்கும் இடையே இன்னொரு வழியாகும். எல்லாப் பாதையும் தங்கத்தோடு முடிகிறது என்று 1894-இல் நினைத்தவர்களுக்கு, மக்கள் சொல்லும் பதில் அது.

காக்க வேண்டியது எது

கரி இன்ஜின் திரும்ப வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பயர்மேனின் வெந்த கையையும் தொழிலாளியின் நுரையீரலையும் அறிந்த எவரும் அப்படிக் கேட்க முடியாது. ஆனால் அது இருந்ததற்கான சான்று அழியக் கூடாது. மிடில்டன் ரயில்பாதை இன்றும் உயிரோடு இருக்கிறது. 1960 முதல் ஊர்த் தன்னார்வலர்கள் அதை ஓட்டுகிறார்கள். நம் நீலகிரி மலை ரயிலுக்கு 2005-இல் யுனெஸ்கோ அங்கீகாரம் கிடைத்தது. அதற்காகத் திருச்சி பொன்மலைப் பணிமனை இந்த நூற்றாண்டிலும் புதிய நீராவி இன்ஜின்களைச் செய்து கொடுத்திருக்கிறது. போஸ்னியாவின் சில நிலக்கரிச் சுரங்கங்களிலும் சீனத்தின் சாந்தாவோலிங்கிலும் அண்மைக் காலம் வரை நீராவி இன்ஜின்கள் உண்மையாகவே கரி இழுத்தன. அவற்றைப் பார்க்க உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் போனார்கள். பெங்களூரிலிருந்து சில மணி நேரத்திலேயே எட்டக்கூடிய தங்கவயலுக்கு இவற்றுக்குக் குறைந்த வரலாறு இல்லை.

செய்ய வேண்டியவை கைக்கு எட்டுகிற வேலைகள்தாம். உரிகம் நிலையத்தின் ஓரத்தில் ஒரு கரி இன்ஜினும், பாறை ஏற்றிய ஒரு சுரங்கத் தொட்டியும், தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் எழுதிய ஒரு பலகையும் நிற்கலாம். சுரங்க வாயில்களின் இரும்புக் கோபுரங்களில் நிற்பவற்றையாவது துருவுக்கும் பழைய இரும்பு வியாபாரத்துக்கும் போகாமல் காக்கலாம். எல்லாவற்றுக்கும் முன்னால், மனிதர்களின் குரலைப் பதிவுசெய்ய வேண்டும். எழுபதுகளில் இருபத்தைந்து வயதில் நெருப்புப்பெட்டிக்கு முன் நின்ற பயர்மேனுக்கு இன்று எண்பதை ஒட்டிய வயது. புகைப்போக்கியின் தாளத்தைக் கேட்டே இன்ஜினின் நாடியைச் சொல்லும் அந்தக் காதின் அறிவு எந்தக் கையேட்டிலும் இல்லை. பெங்களூர், கோலார்க் கல்லூரி மாணவர்கள் ஒரு கோடை விடுமுறையை இதற்குக் கொடுத்தாலே போதும். அவர்களில் பலர் அந்த முதியவர்களின் பேரப்பிள்ளைகள்.

பெங்களூரின் வரலாற்றை எழுதுகிறவர்கள் லாவெலின் பெயரைத் தெருவில் வைத்திருக்கிறார்கள். கரி வாரிப் போட்டவர், பாறை உடைத்தவர், இன்று அந்த நகரத்தின் சுவரை எழுப்பி, கதவைக் காத்து, நோயாளியைக் கவனித்து, கணினியை இயக்கும் அவர்களின் வாரிசுகள் அந்த வரலாற்றில் ஒரு பத்திக்காவது உரியவர்கள். பத்து மைல் தண்டவாளத்தை நூற்று முப்பது ஆண்டுகள் அர்த்தமுள்ளதாக வைத்திருந்தது தங்கம் இல்லை, இவர்களின் உழைப்பு. அதை எழுதிவைப்பது நம் தலைமுறையின் கடமை. அதற்கு இன்னும் சில ஆண்டுகளே அவகாசம் இருக்கிறது.